பெயர் இல்லாத கியூ எல்லாம் பாலபுஷ்கா ஆகிவிடாது

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் பூல் மேசை ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலான கியூ ஒன்றை, பழையதை, கொண்டுவந்தார். 40,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். எங்கும் பெயர் இல்லை, முத்திரை இல்லை. “அதனாலதான் சார் ரேர்னு சொன்னாங்க, பாலபுஷ்காவா இருக்கலாமாம்” என்றார். பாலபுஷ்கா என்பவர் பெயர்பெற்ற கியூ கைவினைஞர். அது தொழிற்சாலையில் செய்த சாதாரண கியூ. அதை அவரிடம் சொல்லவே எனக்கு மனசு வரவில்லை.

கியூ பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இந்தக் கதை வராத மாதமே இல்லை. பெயர் போடாதது என்றால் யாரோ பெரிய கைவினைஞர் செய்தது என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். அதற்கு ஒரு பாதி உண்மைதான் காரணம். ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்த ஜார்ஜ் பாலபுஷ்கா 1959 முதல் 1975-இல் இறக்கும்வரை கியூ செய்தார். அவர் செய்த சிலவற்றில் பெயர் இருக்காது, உண்மைதான். அதைத் தலைகீழாக்கி, பெயர் இல்லாததெல்லாம் அவர் கைவேலை என்று விற்கிறார்கள். சீனாவிலோ தைவானிலோ ஒரே தொழிற்சாலையில் வரும் ஒரே கியூவுக்கு ஒவ்வொரு கடையும் தன் பெயரை ஒட்டி விற்கும். கை வியர்வையில் அந்தப் பெயர் அழிந்துவிடும், சிலவற்றில் ஒட்டியே இருக்கமாட்டார்கள். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். அதற்கு “செய்தவர்” என்று ஒரு ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். மேசையில் உருட்டும்போது நேராக உருண்டால் தாராளமாக வைத்து ஆடுங்கள், நல்ல கியூவாகவே இருக்கலாம். பேரம் மட்டும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கட்டும்.

உண்மையிலேயே விவரம் தெரிய வேண்டுமானால் கியூவின் இரண்டு பாதிகளும் சேரும் ஜாயின்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணிதான் பின். அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்கேலை வைத்து, அரை அங்குலத்துக்குள் எத்தனை மரை (திருகுப் புரி) வருகிறது என்று எண்ணுங்கள். பருமனான பின்னில் ஐந்து வந்தால் 3/8-10, அதாவது 3/8 அங்குலப் பருமன், அங்குலத்துக்கு 10 மரை. மெக்டெர்மாட் கம்பெனியின் வழக்கம் அது. மெல்லிய 5/16 பின்னில் ஏழு வந்தால் 14 மரை. ஜாஸ், ஷோன் கம்பெனிகள் இந்த வழியில் போகிறவை, பாலபுஷ்காவும் இதைத்தான் போட்டார். ஒன்பது வந்தால் 18 மரை. மியூச்சி கம்பெனியும் அதுதான், ஆசியத் தொழிற்சாலைக் கியூக்களில் ஏராளமானவையும் அதுதான். ஜாயின்ட் ஆளைக் காட்டிக்கொடுக்காது. யார் இல்லை என்பதைச் சொல்லிவிடும். அதுவே பாதி வேலை. தயவுசெய்து 14 மரைப் பின்னில் 18 மரை ஷாஃப்டை (கியூவின் மேல்பாதி) திருகிப் பார்க்காதீர்கள். மரை போனால் ஷாஃப்டும் போச்சு.

அடுத்தது பாயின்ட். கைப்பிடிக்கு மேலே ஈட்டி மாதிரி ஏறுகிறதே, அந்த மர வேலைப்பாடு. அதன் நுனியைப் பாருங்கள். மரத்தில் வி வடிவத்தில் பள்ளம் வெட்டிச் சேர்த்திருந்தால் நுனி கூராக முடியும். ரவுட்டர் இயந்திரம் குடைந்து பதித்திருந்தால் நுனி லேசாக மழுங்கியிருக்கும். அந்த மாணவரின் கியூவில் லென்ஸ் வைத்ததும் நுனி முழுக்கப் புள்ளி புள்ளியாக அச்சு மை தெரிந்தது. அது படம், மரமே இல்லை. உங்கள் ஃபோன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஷாஃப்ட், டிப் (நுனித் தோல்), ஃபெரூல் (டிப்புக்குக் கீழே உள்ள பூண்), ராப் (கைப்பிடிச் சுற்று) இவற்றைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பழைய கியூவில் இவையெல்லாம் மாறியிருக்கும். பாலபுஷ்காவே புரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் என்ற பாதி செய்த கட்டைகளையும், பின்னாளில் பர்ட்டன் ஸ்பெய்ன், கஸ் சாம்போட்டி என்ற கைவினைஞர்கள் செய்து கொடுத்த கட்டைகளையும் வாங்கித்தான் கியூ செய்தார். அதனால் மேல்தோற்றம் ஒத்துப்போகிறது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள்: உப்புத்தாளை எடுக்காதீர்கள். பெயர் அடியில் இருக்கும் என்று வார்னிஷைச் சுரண்டிவிட்டு என்னிடம் வருகிறார்கள். சிலர் கையெழுத்தை அந்த வார்னிஷுக்கு அடியில், மரத்தின் மேல்தான் போட்டிருப்பார்கள். உப்புத்தாள் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். நல்ல கியூவாக இருந்தால் விலையும் அத்தோடு சரி. அடியில் இருக்கும் ரப்பரைக்கூடப் பிடுங்காதீர்கள், திருகாணி இருக்கிறதா என்று பார்த்துக் கழற்றுங்கள். உள்ளே எழுத்தோ எண்ணோ இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்பே ஸ்கேலோடு பின், ஜாயின்ட் முகம், பாயின்ட் நுனி, அடிமூடி, வளையங்கள் எல்லாவற்றுக்கும் படம் கேளுங்கள். எந்த ஊரில், எந்த வருஷம் வாங்கியது என்றும் கேளுங்கள். படம் அனுப்ப மறுக்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.