அச்சு தயாரிப்பதா, அச்சோவியமா?

கும்பகோணத்தில் ஒரு சுவரொட்டி: ‘அச்சு தயாரித்தல், இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை’. ‘பிரிண்ட்மேக்கிங்’ (printmaking) என்ற ஓவியக் கலைக்கு இதே மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது நாலாவதோ ஐந்தாவதோ முறை. இந்த முறை அதை நம்பி ஒருவர் வந்தும் விட்டார். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்பவர். உள்ளே லினோலியத் துண்டும் செதுக்குளியும் மை உருளையும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, வண்டல் மண்ணு எங்க?” என்றார்.

அவர்மேல் என்ன தப்பு? டெல்டாவில் அச்சு என்றால் முதலில் வார்ப்புதான். வெல்லத்துக்கு அச்சு, முறுக்குக்கு அச்சு, தஞ்சாவூர்த் தட்டின் வெள்ளித் தகட்டுக்கும் அச்சு. திருபுவனத் தறியிலோ இழைகள் நுழையும் சீப்பு அச்சு. 1713-இல் தரங்கம்பாடியில் தமிழெழுத்து அச்சேறத் தொடங்கிய பிறகு இந்தப் பட்டியலில் புத்தகமும் சேர்ந்துகொண்டது. பதிந்த தடம், பதிக்கும் கருவி இரண்டுக்கும் ஒரே சொல். (வண்டி அச்சு வேறு, அது வடமொழி ‘அக்ஷ’த்தின் வழி வந்தது.) ஆகவே ‘அச்சு தயாரித்தல்’ என்றால் தமிழ்க் காதுக்குக் கருவி செய்வது என்றுதான் பொருள். ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, துண்டுக்கொரு தமிழ்ச் சொல்லை ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

அங்கே நடப்பது என்ன? ஓவியரே பலகையைச் செதுக்குகிறார், மை தடவுகிறார், தாளை வைத்து அழுத்தி எடுக்கிறார். மரச்செதுக்கில் தோண்டிய இடம் வெள்ளையாகும், விட்ட இடம் மை ஏந்தும். எழுத்து இருந்தால் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். மறந்தால் ‘க’ திரும்பி நிற்கும். செப்புத் தகட்டில் கதை தலைகீழ்: அமிலம் அரித்த பள்ளத்தில்தான் மை தங்கும். இதையும் ‘செதுக்கல்’ என்றே எழுதுகிறார்கள். அங்கே செதுக்குவது யார்? அமிலம்தானே அரிக்கிறது? அமில அரிப்பு என்று எழுதினால் போயிற்று. கல்லில் கொழுப்பு மையால் வரைந்து எடுக்கும் முறையை 1796-இல் சேனஃபெல்டர் கண்டுபிடித்தார். அதற்குக் கல்லச்சு என்று நம்மவர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். அது எவ்வளவு சுத்தம்! அந்தத் தலைமுறை சொல்லைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தது.

என் வாக்கு ‘அச்சோவிய’த்துக்கு. ‘பதிப்போவியம்’ என்பாரும் உண்டு. பதிப்பு என்றதும் பதிப்பகம் நினைவுக்கு வருவதால் எனக்கு ஒட்டவில்லை. தூரிகை இல்லாமல் ஓவியமா என்று ஒரு நண்பர் மடக்கினார். வண்ணம் தீட்டாத கோட்டுருவை நெடுநல்வாடை ‘புனையா ஓவியம்’ என்கிறதே!

‘பட்டறை’யை மட்டும் அப்படியே விட்டுவைக்கலாம். கொல்லன் பட்டறைபோல இங்கேயும் கை கறுக்கிறது. குளிரூட்டிய அறையில் நாற்காலி போட்டு ஒருவர் பேச, மற்றவர் கேட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போவதையும் பட்டறை என்கிறார்களே, அதற்குக் கருத்தரங்கு போதாதா? அழைப்பிதழ் எழுதுகிறவர் ஒருமுறையாவது சிலை வார்க்கும் சுவாமிமலைப் பக்கம் போய்ப் பட்டறை எப்படியிருக்கும் என்று பார்த்து வரட்டும்.

விளக்கு வார்ப்பவர் திரும்பிப் போகவில்லை. மாலைவரை உட்கார்ந்து ஓர் அன்னம் செதுக்கினார். குத்துவிளக்கின் உச்சியில் இருக்குமே, அதே அன்னம். தாளை உரித்து எடுத்ததும் அது எதிர்ப்பக்கம் பார்த்தது. சிரித்துவிட்டு, “அப்ப இது அச்சுப் படம்” என்றார். என் சொல்லை நான் எடுத்துச் சொல்வதற்குள் அவரே பெயர் வைத்துவிட்டார்.