மல்டிவெர்ஸ்: பல்லண்டம்

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வாசிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பத்து நிமிடத்துக்குள் ‘மல்டிவெர்ஸ்’ வந்துவிடும். “இது வேற மல்டிவெர்ஸ்ல நடக்கிற கதைப்பா” என்று யாராவது சொல்வார்கள். சொல்ல வந்தது புரிகிறது, ஆனால் சொல் இடம் மாறி விழுந்திருக்கிறது. கதை நடப்பது வேறொரு யூனிவர்ஸில். அப்படிப்பட்ட யூனிவர்ஸ்கள் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்குப் பெயர்தான் மல்டிவெர்ஸ். பக்கத்து ஊரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மாவட்டத்தின் பெயரைச் சொல்வது போன்ற பிழை இது. தமிழில் எழுதும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. ‘இணை உலகம்’ என்ற ஒரே சொல்லை மொத்தத்துக்கும் போடுகிறோம், அதன் ஒரு பகுதிக்கும் போடுகிறோம்.

யூனிவர்ஸ் லத்தீனிலிருந்து வந்தது. ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று. ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புதல். இரண்டும் சேர்ந்த ‘ஊனிவெர்சும்’, ஒன்றாகத் திரண்ட முழுமையைக் குறித்தது. அதாவது, ‘ஒன்று’ என்பது அந்தச் சொல்லின் வயிற்றிலேயே இருக்கிறது. ‘இரண்டு யூனிவர்ஸ்’ என்று சொல்லும்போதே சொல்லுக்கும் பொருளுக்கும் சண்டை வந்துவிடும். ‘ஒன்று’ இருந்த இடத்தில் ‘பல’ என்பதை வைத்ததுதான் மல்டிவெர்ஸ்.

அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1895இல், வாழ்க்கை வாழத் தக்கதுதானா என்று கேட்டு ஓர் உரை ஆற்றினார். மல்டிவெர்ஸ் என்ற சொல்லை அதில் எடுத்தாண்டார். அவர் மனத்தில் வேற்று உலகங்கள் எதுவும் இல்லை. இயற்கைக்கு நல்லது கெட்டது என்ற பேதம் கிடையாது, அறத்தின் கண்ணால் பார்த்தால் அது ஒரே நெறியில் திரண்டு நிற்கவில்லை என்பது அவர் கருத்து. இன்றைய பொருளுக்கு இந்தச் சொல் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. 1960களில் ஆங்கிலேய எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் தன் கதைகளில் அதைப் பல உலகங்களின் தொகுதிக்கு வைத்தார். இயற்பியலில் ஹ்யூ எவரெட் 1957இலேயே பல உலகக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டுவிட்டார். ஆனால் அவர் மல்டிவெர்ஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

காமிக்ஸில் சொல்லுக்கு முன்பே பொருள் வந்துவிட்டது. அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1940இல் ஃப்ளாஷ் என்ற வேக நாயகன் அறிமுகமானான். பெயர் ஜே காரிக். தலையில் சிறகு வைத்த உலோகத் தொப்பி. அவன் கதைகள் வந்த இதழ் 1949இல் நின்றுபோனது. டிசி நிறுவனம் 1956இல் அதே பெயரில் புதிய ஃப்ளாஷ் ஒருவனைக் கொண்டுவந்தது. இவன் பேரி ஆலன், சிவப்பு உடையில் முகத்தை மூடியவன். இந்தப் பேரி, சிறுவயதில் ஜே காரிக் காமிக்ஸை வாசித்து வளர்ந்தவன். அவனைப் பொறுத்தவரை ஜே வெறும் கதாபாத்திரம்.

1961 செப்டம்பரில் ஃப்ளாஷ் 123ஆம் இதழ் வந்தது. எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், வரைந்தவர் கார்மைன் இன்ஃபன்டீனோ, ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ். அனாதைக் குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சியில் பேரி கயிற்று வித்தை காட்டுகிறான். ஆம், நம் நாட்டுப் பெயரால் உலகமெங்கும் பேசப்பட்ட அதே கயிற்று வித்தைதான். கயிற்றில் ஏறித் தன் உடலை அதிவேகமாக அதிரச் செய்கிறான், மறைந்துபோகிறான். கண் திறந்தால் வேறு ஊர். தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினால் அதில் ஜே காரிக் என்ற பெயர்! கதாபாத்திரம் என்று நம்பியவன் தலை நரைத்த மனிதனாகக் கதவைத் திறக்கிறான். இரண்டு பூமிகளும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, அதிர்வு வேகம் மட்டும் வேறு, அதனால் ஒன்றை ஒன்று தொடுவதில்லை என்று பேரி விளக்குகிறான். அப்படியானால் காமிக்ஸ் எழுதியவருக்கு ஜேயைப் பற்றி எப்படித் தெரிந்தது? கார்ட்னர் ஃபாக்ஸ் உறங்கும்போது அவர் மனம் அந்தப் பூமியோடு இசைந்துவிடுகிறதாம். ஜேயை உருவாக்கியவர்களில் ஒருவரான அவரே தன் பெயரைக் கதைக்குள் வைத்துவிட்டார். ஒரு பூமியில் கற்பனை, இன்னொரு பூமியில் வாழ்க்கை என்பதை இவ்வளவு அழகாகச் சொன்ன வேறு கதை எனக்குத் தெரியாது.

1963இல் ஜஸ்டிஸ் லீக் இதழில் இரண்டு உலகத்து நாயகர்களும் சந்தித்தபோது உலகங்களுக்கு எண் கொடுத்தார்கள். புதியவர்கள் இருப்பது முதல் பூமி, பழையவர்கள் இருப்பது இரண்டாம் பூமி. வயதில் மூத்த உலகத்துக்கு இரண்டு என்ற எண் விழுந்ததால், சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் இன்றைக்கும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய இதழ் ஒன்றில் பேட்மேனுக்குக் கேட்வுமனோடு கல்யாணம் ஆகியிருந்தது, ஹெலனா என்று வளர்ந்த மகளும் இருந்தாள். வீட்டில் இருந்த மற்ற இதழ்களில் அவருக்குக் குடும்பமே கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தவித்தேன். ஹெலனா 1977இல் அறிமுகமான இரண்டாம் பூமியின் பெண் என்று பிறகு தெரிந்தபோது, அந்த எண்ணின் அருமை புரிந்தது.

பூமிகள் பெருகப் பெருகப் புது வாசகர்கள் திணறினார்கள். 1985–86இல் மார்வ் உல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் 12 இதழ்களில் ஒரு பெருங்கதை செய்து, எல்லாப் பூமிகளையும் ஒரே பூமியாக்கினார்கள். பேரி ஆலன் அதில்தான் உயிரைக் கொடுத்தான். மூடிய கதவு மூடியே இருக்கவில்லை. 2007இல் 52 உலகங்களோடு மறுபடி திறந்தார்கள். இன்னொரு பெரிய காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் பக்கம் எண் வேறு விதம். அவர்களுடைய முதன்மை உலகத்துக்கு 616 என்று பெயர். அந்த எண் 1983இல் பிரிட்டனில் வெளியான கேப்டன் பிரிட்டன் கதைகளிலிருந்து வந்தது.

இனி தமிழ். யூனிவர்ஸுக்கு நம்மிடம் பிரபஞ்சம், அண்டம், பேரண்டம் என்று சொற்கள் இருக்கின்றன. சிலர் புடவி என்பார்கள். அகராதியில் புடவிக்குப் பூமி என்றே பொருள், ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். பிரபஞ்சம் வடசொல், விரிவு என்பது அதன் அடிப்படைப் பொருள். வழக்கில் அது ‘உள்ளது அனைத்தும்’ என்றாகிவிட்டது. எல்லாம் அதற்குள் அடங்கிவிட்ட பிறகு ‘இரண்டாவது பிரபஞ்சம்’ எங்கிருந்து வரும்? லத்தீன் சொல்லில் இருந்த அதே சண்டை இங்கேயும். பல்பிரபஞ்சம், பன்மைப் பிரபஞ்சம் ஆகியவை நாக்கிலும் மனத்திலும் ஒட்டாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அண்டம் அப்படி இல்லை. அதுவும் வடசொல்தான், ஆனால் முட்டை என்று பொருள். முட்டை ஓட்டுக்குள் தனித்தனியாக இருப்பது, ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடியது. தமிழ் அதைப் பன்மையில் ஆண்டு பழகியும் இருக்கிறது. திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்களைப் பாடும்போது “நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன” என்கிறார். கந்தபுராணத்தில் சூரபன்மன் ஆள்வது ஆயிரத்தெட்டு அண்டங்கள். இந்தப் பாடல்களுக்கும் காமிக்ஸ் மல்டிவெர்ஸுக்கும் உறவு கிடையாது. ஒரே ஆள் ஒவ்வோர் அண்டத்திலும் வேறு வாழ்க்கை வாழும் கதை அவற்றில் இல்லை. ‘பல அண்டங்கள்’ என்று சொன்னால் தமிழ்க் காது கூசாது என்பதற்கு மட்டுமே அவை சாட்சி.

ஆகவே பல் + அண்டம் = பல்லண்டம். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற பழைய விதிதான். பல்லாண்டு, பல்லுயிர் எல்லாம் இப்படி வந்தவையே. ‘பல அண்டம்’ என்று பிரித்து எழுதினால் எண்ணிக்கை மட்டும் தெரியும். சேர்த்து எழுதினால்தான் தொகுதிக்குப் பெயராகும். பால்வழி அண்டம் என்று விண்மீன் திரளுக்கும் அண்டம் போடுகிறார்களே என்று கேட்கலாம். அறிவியல் கட்டுரையில் அது இடிக்கும்தான். காமிக்ஸ் பேச்சில் அந்தக் குழப்பம் எழுவதில்லை.

மொத்தம் பல்லண்டம் என்றால் அதில் ஒன்று? ஜேயும் பேரியும் போல ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை இணையண்டங்கள். இணைகோடு என்று கணக்கில் படித்த அதே இணை. 1995இல் எக்ஸ்-மென் இதழ்களில் வந்தது வேறு வகை. கடந்த காலத்தில் எக்ஸ்-மென் குழுவை உருவாக்கிய சேவியர் கொல்லப்பட்டுவிட, தெரிந்த உலகம் போய் அதன் இடத்தில் ஒரு கொடிய உலகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை மாற்றுலகம் என்பதே பொருத்தம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தால் அதுதான் மாற்று. 1977இல் மார்வெல் தொடங்கிய வரிசை ஒவ்வோர் இதழிலும் ஒரு கேள்வி கேட்டது. ஸ்பைடர்மேன் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நாயகர் குழுவில் சேர்ந்திருந்தால் என்பது முதல் இதழின் கேள்வி. அவற்றை நான் ‘இருந்தால்’ கதைகள் என்றே சொல்லி வருகிறேன். கேட்பவர்களுக்கு உடனே விளங்குகிறது.

நம் சினிமா ரசிகர்கள் சொல்லும் ‘யூனிவர்ஸ்’ இதில் எதுவும் அல்ல. ‘கைதி’யில் பார்த்த ஆட்கள் ‘விக்ரம்’ படத்தில் வருவது ஒரே அண்டத்துக்குள் நடக்கிற விஷயம். அதைப் பொதுக் கதையுலகம் எனலாம்.

சேகரிப்பாளர்களுக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். ‘வேரியன்ட்’ என்று ஆங்கிலத்தில் இரண்டைச் சொல்கிறார்கள்: இன்னோர் அண்டத்தில் வாழும் அதே நாயகன் ஒன்று, அதே இதழுக்கு அச்சிட்ட வேறு அட்டை மற்றொன்று. ஒரே சொல்லை நம்பி இதழ் வாங்கப் போனால் வேறு எதுவோ கையில் வந்து சேரும். நாயகனை மாற்றுரு என்றும் அட்டையை மாற்று அட்டை என்றும் பிரித்துவிட்டால் தீர்ந்தது. என் பெட்டிகளின் மேல் இப்போது அப்படித்தான் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஹெலனாவின் இதழ் ‘இணையண்டம், பூமி 2’ என்ற பெட்டியில் இருக்கிறது.