ரிவர்ஸ் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். போன மாதம் அதில் பாதியைத் தாண்டியிருப்போம், ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை வழக்கம், ஆனால் அவ்வளவு நீளமான பஸ் ஒரே ஒடிப்பில் திரும்பாது என்று கண்ணெதிரே தெரியும்போது சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியுமா, நாலடி பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டேன். கர்ர்ர். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டேன், மறுபடியும் கர்ர்ர். பக்கத்தில் இருந்த மாமா, "இஞ்சினை ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாருங்க மாப்ள" என்றார். கியர் சமர்த்தாக விழுந்தது. ஆனால் ஸ்டார்ட் செய்தபோது, கிளட்ச் முழுக்க மிதித்திருந்தும், வண்டி பின்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது. அந்த வெட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸுக்குள் முக்கியமாக இரண்டு ஷாஃப்ட், அதாவது சுற்றும் தண்டுகள். ஒன்று கிளட்ச் வழியாக இஞ்சினோடு சேர்ந்தது, கிளட்சை மிதித்தால் அந்தத் தொடர்பு விட்டுப்போகும். இன்னொன்று சக்கரங்களோடு சேர்ந்தது. முன்னால் போகும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதுமே ஒன்றோடொன்று கோத்தபடிதான் சுற்றிக்கொண்டிருக்கும். கியர் மாற்றும்போது நாம் செய்வது, அதில் ஒன்றை அதன் ஷாஃப்ட்டோடு பிணைப்பது மட்டும்தான். பிணைப்பதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பில் இருக்கும் ஒரு சிறிய வளையம், பல வண்டிகளில் பித்தளை. அது முதலில் உரசி, வேகத்தைச் சமன் செய்து, பிறகு பல்லைக் கோக்க விடும். நகரும் பஸ்ஸில் ஏறுகிறவர் கூடவே நாலு எட்டு ஓடிவிட்டுப் படியில் கால் வைப்பார் இல்லையா, அதே சங்கதி. இதைக் காரில் முதலில் கொண்டுவந்தது காடிலாக், 1928-இல்.

ரிவர்ஸில் கதை வேறு. பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கரும்புச்சாறு மெஷினைப் பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள், கோத்திருக்கும் இரண்டு பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். நடுவில் மூன்றாவதாக ஒன்றை நுழைத்தால் ஓரத்தில் இருக்கும் இரண்டும் ஒரே திசைக்கு வந்துவிடும். ரிவர்ஸ் என்பது அந்த மூன்றாவது சக்கரம், ஐட்லர் என்பார்கள். நிறைய கார்களில் இது சும்மா ஒதுங்கிக் கிடக்கும், லீவரைத் தள்ளும்போதுதான் நகர்ந்து வந்து மற்ற இரண்டுக்கும் நடுவே நுழையும். பக்கவாட்டில் நுழைய வேண்டுமென்பதால் அதன் பற்கள் சாய்வாக இல்லாமல் நேராக வெட்டியிருக்கும். பின்னால் எடுக்கும்போது மட்டும் வரும் அந்த 'உய்ய்ங்' சத்தம் நேர்ப்பல்லின் சத்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை. சிங்க்ரோ இதற்கு இருக்காது. வண்டி நின்ற பிறகு போடும் கியர்தானே, எதற்கு வீண் செலவு என்ற கணக்கு. புது வண்டிகள் சிலவற்றில் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ உண்டு.

வண்டி நின்றுவிட்டது சரி, உள்ளே இருப்பது நின்றதா? நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுத்திருந்தால் இஞ்சின் பக்கத்து ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று ஓடிக்கொண்டிருக்கும். கிளட்சை மிதித்த பிறகும் கரண்ட் போன ஃபேன் மாதிரி இரண்டு மூன்று விநாடி சுற்றிவிட்டுத்தான் ஓயும். அதற்குள் தள்ளினால் கர்ர்ர். பொறுக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, முதலில் ஃபர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டு, கிளட்சை விடாமல் அப்படியே ரிவர்ஸுக்குப் போங்கள். ஃபர்ஸ்ட்டின் சிங்க்ரோ, நிற்கும் சக்கரங்களோடு ஒப்பிட்டு அந்த ஷாஃப்ட்டையும் நிறுத்திவிடும்.

சத்தமே இல்லாமல் லீவர் சுவரில் முட்டுவது போல நின்றால் அது வேறு. எல்லாம் ஓய்ந்துவிட்டது, ஆனால் பல்லின் நுனி பல்லின் நுனியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை ஒரு கணம் விட்டு, மறுபடி மிதித்துப் போட்டால் பல் நகர்ந்து இடம் கிடைத்துவிடும். பலம் காட்ட வேண்டாம்.

என் வண்டியில் பொறுத்துப் போட்டும் உரசியது, இஞ்சினை நிறுத்தினால் மட்டும் விழுந்தது. அப்படியென்றால் கியர்பாக்ஸ் குற்றவாளி இல்லை. கிளட்சை மிதித்தும் இஞ்சின் அந்த ஷாஃப்ட்டை முழுசாக விடவில்லை, கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டார்ட்டில் வந்த அந்த வெட்டுக்கும் இதுதான் காரணம். கேபிள் தளர்ந்திருக்கலாம், ஆயில் கிளட்ச் என்றால் காற்று புகுந்திருக்கலாம், ஆயில் கசிந்திருக்கலாம். கிளட்சைப் பார்க்கக் கியர்பாக்ஸை இறக்கினால் எவ்வளவு ஆகும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டேதான் செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கதவைத் திறந்து குனிந்தார். மலைக்குப் போகிறோமே என்று நான் ஆசையாக வாங்கிப் போட்டிருந்த தடித்த ரப்பர் மேட், கிளட்ச் பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தது. பெடல் தரையைத் தொடவே இல்லை. "இதை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்கண்ணா" என்று மேட்டைச் சுருட்டி டிக்கியில் போட்டார்.