அடிபட்ட ஹாம்ஸ்டருக்கு முதல் மருந்து சூடு

உதகையில் உறைபனி விழுந்திருந்த ஒரு ஜனவரிக் காலை. என் கால்நடை மருத்துவமனைக் கதவைத் திறக்கும்போதே ஒரு தந்தையும் மகளும் வாசலில் காத்திருந்தார்கள். மகளின் கையில் ஓர் இனிப்புக்கடை அட்டைப்பெட்டி, அதற்குள் ஹாம்ஸ்டர் என்ற சின்ன வளர்ப்பு எலி. முந்தைய இரவு கூண்டுக் கம்பியில் மாட்டித் தொடைத் தோல் கிழிந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவி, மஞ்சள் குழைத்துப் பூசி, மறுபடியும் கூண்டில் விட்டிருக்கிறார்கள். கூண்டு இரவெல்லாம் சிமென்ட் தரையில் இருந்திருக்கிறது. நான் கையில் எடுத்தபோது அதன் உடல் ஓடைக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது. எவ்வளவு முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. காயமோ என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

"ராத்திரியே கொண்டுவந்திருக்க வேண்டுமா, டாக்டர்?" என்று தந்தை கேட்டார். அந்தக் குழந்தையின் முன்னால் முழுப் பதிலையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே சொல்கிறேன். அதைக் கொன்றது காயம் அல்ல, குளிர். நனைக்காமல் சூடாக வைத்திருந்தால் விடியும்வரை தாங்கியிருக்கும் என்றே நம்புகிறேன்.

வளர்ந்த சிரிய (Syrian) வகை ஹாம்ஸ்டரின் எடை 100 முதல் 150 கிராம்தான். உடல் எவ்வளவு சிறியதோ, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அவ்வளவு அதிகம். அந்தத் தோல் வழியாகத்தான் சூடு வெளியேறுகிறது. அடிபட்ட அதிர்ச்சியில் ரத்த ஓட்டம் தளர்ந்து, ரோமமும் நனைந்துவிட்டால் வெப்பம் மளமளவென்று இறங்கிவிடும். சமவெளியில் இதற்கு அவகாசம் கிடைக்கலாம். 2,240 மீட்டர் உயரத்தில், குளிர்கால இரவில் கிடைக்காது.

ஆகவே முதல் வேலை இதுதான். ஒரு செருப்புப் பெட்டியில் பருத்தித் துண்டை விரியுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் காலைச் சுற்றி இறுக்கும். பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, தடித்த துண்டால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் விலகிப் போக மறுபக்கம் வேண்டும். நகர முடியாத நிலையில் இருந்தால் அதற்காக நீங்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்: உங்கள் மணிக்கட்டுக்கு இதமாக இருக்கிற சூடு போதும். தண்ணீர் ஆற ஆற மாற்றுங்கள். பெட்டியை லேசாக மூடி, காற்று போக இடம் விட்டு, சத்தமில்லாத அறையில் வையுங்கள். கரிக் கணப்பின் அருகில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் சேர்கிற கார்பன் மோனாக்சைடு உங்களுக்கே ஆபத்து. அது எலி இனத்தை இன்னும் சீக்கிரம் தாக்கும். சுரங்கங்களில் அந்த வாயுவை முன்கூட்டியே அறிய ஒரு காலத்தில் சுண்டெலிகளைக் கொண்டுபோனது இதனால்தான்.

கடுங்குளிரில் ஹாம்ஸ்டர் செத்ததுபோல் உறங்கிவிடுவதும் உண்டு. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயனிலிருந்து ஒரு சிறுவன் சாப்பாட்டு டப்பாவில் கொண்டுவந்ததைப் பார்த்து நானே முதலில் உதட்டைப் பிதுக்கினேன். ஆனால் உடல் விறைக்கவில்லை. வெந்நீர்ப் பையருகே வைத்து வெகுநேரம் காத்திருந்த பிறகு மீசை அசைந்தது. புதைக்கக் குழி தோண்டும் முன் சூடேற்றிப் பாருங்கள்.

ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். 100 கிராம் ஹாம்ஸ்டரின் உடலில் மொத்தமே 6 அல்லது 7 மில்லி ரத்தம்தான் ஓடுகிறது. ஒரு மில்லி போனாலே எனக்குக் கவலை வந்துவிடும். நகம் முறிந்து கசிந்தால் நுனியில் சோளமாவை ஒற்றலாம். திறந்த காயத்தில் மாவும் வேண்டாம், மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டாம். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கலந்து, வெதுவெதுப்பாகக் காயத்தை மட்டும் துடையுங்கள். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் பால் சேர்க்காத வெளிர் தேநீரின் நிறம் வரும்வரை நீர்க்கச் செய்து தொட்டு வைக்கலாம். டெட்டால், ஸ்பிரிட் கூடவே கூடாது.

பூனை கவ்வியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். பல் பட்ட ஓட்டை ரோமத்துக்குள் மறைந்திருக்கும், அதன் வழியே போன கிருமி ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். எலும்பு முறிந்திருந்தால் குச்சி வைத்துக் கட்டாதீர்கள். சக்கரத்தையும் ஏணியையும் எடுத்துவிட்டுச் சிறிய பெட்டியில் அடக்கி வைத்தால் போதும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். கினிப் பன்றி என்ற இன்னொரு வளர்ப்பு எலி இனத்துக்கும் ஹாம்ஸ்டருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாய்வழி கொடுத்தால், குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக் கிருமிகள் பெருகிவிடும். காயம் ஆறிக்கொண்டிருக்கும்போதே வயிற்றுப்போக்கில் இறந்த கினிப் பன்றிகளை நான் பார்த்திருக்கிறேன். கினிப் பன்றி அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். அதன் உடலால் வைட்டமின் சி தயாரிக்கவும் முடியாது. உடல் சூடேறியதும் குடைமிளகாயோ கொய்யாவோ ஒரு துண்டு வைத்துப் பாருங்கள். குளிர்ந்து துவண்டு கிடக்கும்போது எதையும் வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

பஸ்ஸில் வருவதானால் பெட்டியைச் சால்வைக்குள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், வெந்நீர் பாட்டிலும் கூடவே வரட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டி சாயாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் எலி இனங்களைப் பார்ப்பதில்லை என்பதால் கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள். எப்போது அடிபட்டது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, புழுக்கை போட்டதா என்ற மூன்றையும் சொல்லிவிட்டால், நீங்கள் மலை ஏறி வந்து சேர்வதற்குள் இங்கே வெந்நீர்ப் பை தயாராக இருக்கும்.