கார்டியோஃப்ரெனிக் கோணம்: இதய உதரவிதானக் கோணம்

கார்டியோஃப்ரெனிக் கோணம் என்ற மருத்துவச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிரேக்கத்தில் கார்டியா என்றால் இதயம். ஃப்ரேன் என்றால் உதரவிதானம். மனம் என்ற பொருளும் உண்டு. ஸ்கிட்ஸோஃப்ரீனியாவில் இருப்பதும் இதே வேர்தான். உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி, இரண்டும் வடசொற்கள். இலங்கைப் பாடநூல்களில் இது பிரிமென்றகடு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மெல்லிய தகடு என்று பிரித்துப் பார்த்தாலே பொருள் விளங்கும் அருமையான ஆக்கம். ஆனால் தமிழ்நாட்டில் பழகிவிட்டது உதரவிதானம் என்பதால் ‘இதய உதரவிதானக் கோணம்’ என்பதே எளிதில் புரியும்.

மார்பு எக்ஸ்ரேயில் இதயத்தின் ஓரமும் உதரவிதானமும் சந்திக்கும் மூலை இது. வலம் ஒன்று, இடம் ஒன்று. அங்கே திரட்சி தெரிந்தால் எக்ஸ்ரேயை வைத்து முடிவு கட்டக் கூடாது. சி.டி.யில் அதன் அடர்த்தியை அளந்தாலே பாதிக் குழப்பம் தீரும். அளவு ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில்: நீர் 0, கொழுப்பு ஏறத்தாழ −100.

கொழுப்பு என்றால் பெரும்பாலும் இதயத்தை ஒட்டிய சாதாரணக் கொழுப்புத் திண்டுதான். உடல் பருமனிலும் நீண்டகால ஸ்டீராய்டிலும் அது பெருக்கும். ஆனால் அதனுள் மெல்லிய ரத்தக் குழாய்க் கோடுகள் வயிற்றிலிருந்து மேலேறி வந்தால் மோர்கானி குடலிறக்கத்தை நினைக்க வேண்டும். முன்பக்கத் துளை வழியே ஓமென்டமும் (குடலுக்கு முன்னே தொங்கும் கொழுப்புத் திரை), சில நேரம் பெருங்குடலும் மார்புக்குள் ஏறியிருக்கும், பெரும்பாலும் வலப்பக்கம். குறுக்குவெட்டில் தவறவிடும் துளை, பக்கவாட்டு வெட்டில் பளிச்சென்று தெரியும். திடீர் நெஞ்சுவலியோடு, கொழுப்பு நடுவே முட்டை வடிவத்தில் கலங்கலான ஒரு பகுதி தெரிந்தால் அது கொழுப்புச் சிதைவு. மாரடைப்பு போலவே பயமுறுத்தும். வலிமருந்தோடு தானே அடங்கும், கத்தி வேண்டாம்.

நீரின் அடர்த்தி, மெல்லிய சுவர், கான்ட்ராஸ்ட் மருந்து (ரத்தம் பாயும் இடங்களைப் படத்தில் ஒளிரச் செய்யும் ஊசிமருந்து) ஏறாமை: இது இதய உறை நீர்க்கட்டி, இதுவும் வலப்பக்கமே அதிகம். உள்ளே புரதம் மிகுந்திருந்தால் அடர்த்தி கூடி, திடக்கட்டி போலக் காட்டும். அப்போது எம்.ஆர்.ஐ. உதவும்.

திடமாக இருந்தால் முதலில் நிணநீர்க் கணுக்கள்: லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று), சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய்ப் பரவல். சினைப்பைப் புற்றில் குறுக்களவு 5 மி.மீ. தாண்டினாலே இங்குள்ள கணுவைச் சந்தேகிப்பார்கள்.

கல்லீரல் சுருக்கம் உள்ளவரிடம் இதே இடத்தில் புடைத்த சிரைகள் கணுக்கள் போலவே தெரியும். கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.யை நம்பி பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிக்கும்) ஊசி செலுத்தினால் பெரும் ரத்தப்போக்கு. கான்ட்ராஸ்ட் கொடுத்துச் அது சிரைகளை நிரப்பும் கட்டத்தில் படம் எடுத்தால் அவை அருகிலுள்ள சிரைகளுக்கு ஈடாக ஒளிரும்; கணுக்கள் அந்த அளவுக்கு ஒளிராது.