விட்டத்தை எடுத்தால் சுவரை யார் பிடிப்பது?

பழைய ஓட்டு வீட்டின் கூடத்தில் நிமிர்ந்து பார்த்தால், சுவருக்குச் சுவர் குறுக்கே விட்டம் ஓடும். வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு அதன் மேல்தான் முதலில் கண் போகிறது. அதை எடுத்துவிட்டால் கூரையின் சரிவு முழுதாகத் தெரியும், கூடமும் உயரமாகிவிடும். எடுக்கலாம்தான். ஆனால் அது பார்த்துவந்த வேலையை வேறு ஏதாவது பார்த்தாக வேண்டும்.

கூரையின் சரிவைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள் இரு பக்கச் சுவர்களிலும் ஊன்றி, உச்சியில் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கின்றன. ஓட்டின் எடை மேலிருந்து அழுத்தும்போது அவற்றின் அடி வெளிப்பக்கம் நகரப் பார்க்கும். வழவழப்பான தரையில் இரட்டை ஏணியை விரித்து ஏறினால் கால்கள் விலகுமே, அதே கதைதான். ஏணியில் அதைத் தடுப்பது சங்கிலி, கூரையில் விட்டம். சில வீடுகளில் விட்டத்தின் நடுவே குத்துக்கால் நிறுத்தி, கூரையின் உச்சி விளிம்பான முகட்டையும் தாங்க வைத்திருப்பார்கள். அங்கே அதற்கு இரட்டை வேலை.

இந்தத் தள்ளுவிசை எவ்வளவு இருக்கும்? கூடத்தின் அகலம் 6 மீட்டர், கூரையின் சரிவு 30 டிகிரி, தரைப்பரப்பில் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 260 கிலோ விசை வெளியே தள்ளும். சரிவை 15 டிகிரியாகக் குறைத்தால் அது 560 கிலோவாக ஏறிவிடும். செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை எத்தனை வருடம் வேண்டுமானாலும் சுமக்கும். உச்சியில் பக்கவாட்டாகத் தள்ளினால் அதனால் தாங்க முடியாது. உடனே ஒன்றும் ஆகாது. மெல்ல முகடு தொய்யும், சுவர் வெளியே சாயும், மூலையில் வெடிப்பு விடும்.

சரி, விட்டத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தால்? கூரை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஏற்றினால் அதில் விழும் இழுவிசை ஒன்றரை மடங்கு, பாதிக்கு ஏற்றினால் இரண்டு மடங்கு. அதற்குக் கீழே உள்ள கைமரம் வேறு வளையத் தொடங்கும். அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகள் இந்த இணைப்பு மரத்தைக் கூரை உயரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்கச் சொல்வது இதனால்தான். அதுவும் இல்லாவிட்டால், முகட்டின் நீளத்துக்கும் பாரம் தாங்கும் உத்திரமோ சுவரோ இருந்தாக வேண்டும்.

அந்த முகட்டு உத்திரம்தான் நேரான தீர்வு. கைமரத்தின் தலையை அது தாங்கிக்கொண்டால் உச்சி இறங்காது. உச்சி இறங்காவிட்டால் அடியும் விலகாது. அப்போது சுவருக்கு வருவது செங்குத்தான பாரம் மட்டும்தான். அதற்குக் கைமரத்தின் அடியில் கிடைமட்டமாகக் காடி (பள்ளம்) வெட்டி, அது சுவர் மேல் தட்டையாக உட்கார வேண்டும்.

பலரும் சறுக்குவது உத்திரத்தின் கனத்தில். முறியாத அளவுக்குப் பலம் இருந்தால் போதாது, தொய்யாத விறைப்பும் வேண்டும். உத்திரம் தொய்ந்த அளவுக்குக் கைமரங்கள் மறுபடி சுவரைத் தள்ளும். ஒரே உத்திரத்தின் நீளத்தை 4 மீட்டரிலிருந்து 5 ஆக்கினால், மீட்டருக்கான பாரம் மாறாமலே தொய்வு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும்.

அப்புறம், நாம் எடுத்துக்கொண்ட கூடம் 5 மீட்டர் நீளம் என்றால் முகட்டு உத்திரத்தில் ஏறுவது 1,500 கிலோ. அதில் பாதிப் பாதி இரு முனைகளிலும் இறங்கும். அங்கே தூணோ கனமான சுவரோ அஸ்திவாரம் வரை போக வேண்டும். முக்கோணச் சுவரின் நடுவில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்க ஆசைப்படுபவர்கள், அந்தத் தூண் வந்து இறங்கும் இடமே அதுதான் என்பதை வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் பேசிவிட வேண்டும். ஜன்னல்தான் வேண்டுமென்றால், அதற்கு மேலே அந்த 750 கிலோவை வாங்கி இரு பக்கமும் பிரித்துவிடும் அளவுக்குக் கனமான லிண்டல் போட வேண்டும்.