'அலைஷிப்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர், பூர்வகுடியினர், வீட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பெண்கள் பற்றிய செய்திகளைப் பேசும்போது 'அலைஷிப்' (allyship) என்ற ஆங்கிலச் சொல்லை இப்போது அடிக்கடி கேட்கிறோம். பாதிப்பு தனக்கு நேராத ஒருவர், அது நேர்ந்தவர்களின் பக்கம் நின்று, தனக்குள்ள வாய்ப்பையும் செல்வாக்கையும் அவர்களுக்குப் பயன்படச் செய்வதே அதன் பொருள். ஒருநாள் செய்துவிட்டு நகர்ந்துவிடாமல் தொடர்ந்து செய்ய வேண்டும் என்பதும் அதில் அடங்கும். டிக்‌ஷனரி.காம் அகராதி 2021-இன் ஆண்டுச் சொல்லாக இதையே தேர்ந்தெடுத்தது.

இதன் வேர் லத்தீன் மொழியின் 'லிகாரே', அதாவது கட்டுதல். முன்னொட்டு சேர்ந்து 'அல்லிகாரே' ஆனபோது 'ஒன்றோடு சேர்த்துக் கட்டுதல்' என்றாயிற்று. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'அலை' (ally) ஆனது. 'ஷிப்' என்ற ஈறு, தோழனைத் தோழமை ஆக்கும் நம் 'மை' போன்றது.

மலாய் தெரிந்த நமக்கு இதே வேர்ப்பொருள் இன்னொரு சொல்லிலும் கேட்கும். இன்றைய மலேசியாவின் பகுதியான மலாயாவில் நடந்த 1955 தேர்தலில் 52 இடங்களில் 51-ஐ வென்ற கட்சிக் கூட்டணிக்கு மலாயில் பெரிக்காத்தான் என்று பெயர். அதன் நடுவில் இருக்கும் 'இக்காட்' என்பதும் கட்டுதான். இந்தப் பழக்கத்தால் அலைஷிப்பையும் 'கூட்டணி' என்று எழுதத் தோன்றும். அது பொருந்தாது. கூட்டணி என்றால் தொகுதிப் பங்கீடு உண்டு, இரு தரப்புக்கும் ஆதாயம் உண்டு. 'அலைஸ்' (allies) என்பதற்கு நாம் வழங்கும் 'நேச நாடுகள்' என்பதில் வரும் நேசமும் போர்க்காலத்துக்கு உரியது.

'ஆதரவு' ஓரளவு பொருந்தும். ஆனால் அதன் எதிர்ப்பதமான 'ஆதரவற்றோர்' நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. அதனால் ஆதரவு என்றதுமே கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. நான் பரிந்துரைப்பது 'துணைநிற்றல்'. திருக்குறளின் 45-ஆம் அதிகாரத் தலைப்பு 'பெரியாரைத் துணைக்கோடல்'. அங்கே துணை என்பது நம்மைவிடப் பெரியவர். வாழ்க்கைத்துணையில் அது சமமானவர், வழித்துணையில் கூடவே நடப்பவர். மேல் கீழ் பார்க்காத சொல் இது. அப்புறம், 'நிற்றல்' என்று வினை சேர்வதால் வெறும் பட்டமாக அணிந்துகொள்ளவும் முடியாது, நின்று காட்ட வேண்டும்.

ஒரு வாரத் தமிழ்த் தொலைக்காட்சிச் செய்திகளையும் கலந்துரையாடல்களையும் இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வீட்டை இழந்த குடும்பம் பற்றிய செய்தி என்று வைத்துக்கொள்வோம். நடைபாதையில் இறக்கிவைத்த சோற்றுப் பானையை ஓர் அம்மா துடைக்கிறார். அவர் வாய் அசைகிறது, நமக்குக் கேட்பதோ செய்தியாளரின் குரல். அடுத்து வரும் சட்டமன்ற உறுப்பினர் நெடுநேரம் பேசுகிறார், அவருடைய பெயரும் பதவியும் திரையின் கீழே தெளிவாக வருகின்றன. அந்த அம்மாவின் பெயர் கடைசிவரை வருவதில்லை. இதில் இரக்கம் இருக்கிறது, துணைநிற்றல் இல்லை. அவருடைய சொந்தக் குரலுக்கு இருபது வினாடி விட்டுக்கொடுத்திருந்தால் இருந்திருக்கும்.

சைகை மொழிக்கும் இது பொருந்தும். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வச் சைகை மொழியாக ஏற்கிறது. திரையின் மூலையில் சைகையாளர் நின்றாலும், ஓடும் எழுத்துப் பட்டை அவர் விரல்களை மறைத்தால் அந்தச் சட்டத்தால் பார்ப்பவருக்கு என்ன பயன்?

பெயரிடுவதும் துணைநிற்பதில் அடங்கும். பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. கோலாலம்பூரில் தமிழ்ச் செய்தி எழுதுவோரும் அதைத் தாராளமாக எடுத்தாளலாம். 'திருநங்கை' என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பழைய வசைச்சொல்லைத் தலைப்பில் போடுவதை என்னால் சகிக்க முடியவில்லை.

எழுதும்போது வேற்றுமை உருபைக் கவனியுங்கள். 'அவர்களுக்காகத் துணைநின்றார்' என்று எழுத வேண்டாம், 'அவர்களுக்குத் துணைநின்றார்' என்பதே இயல்பு. ஆளைக் குறிக்கத் 'துணைநிற்பவர்' போதும். பெயராக வரும்போது 'ஊடகத் துணைநிற்றல்' என்பதைவிட 'ஊடகங்கள் துணைநிற்பது' என்று வினையாகவே எழுதினால் வாசிக்க எளிது.